நியூட்ரலில் ஓடிய நெஞ்சு

காவிரிக்கரை நெடுந்தூர ஓட்ட நலச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் பதினோரு பேர். பதினோரு பேருக்கும் சேர்த்து நூற்றுப் பதினெட்டு லாரி, ஆழ்துளைக் கிணறு போடுகிற ஒன்பது ரிக் வண்டி, ஒரு டயர் ரீட்ரெடிங் பட்டறை. ஓடுகிறவர் என்று ஒருவரும் இல்லை. இதைக் குறையாகச் சொல்ல முடியாது. லாரி வைத்திருப்பவர் லாரியை ஓட்டியாக வேண்டுமா என்ன? அந்த நியாயப்படிதான் சங்கத்தின் நான்காவது விதியும் எழுதப்பட்டிருந்தது: நிர்வாகிகள் ஓட வேண்டியதில்லை, ஓடுகிறவர்கள் நிர்வாகியாகக் கூடாது.

சங்க அலுவலகம் நாமக்கல்லில், அந்த டயர் பட்டறையின் மாடியில் இருந்தது. ரப்பர் வேகிற வாசனையோடு அந்தப் படிக்கட்டில் ஒரு நாள் ஜேடர்பாளையம் மஞ்சுளா ஏறி வந்தாள்.

மஞ்சுளாவுக்கு வயது முப்பத்தெட்டு. எடைமேடையில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை கரும்பு லோடும் கிழங்கு லோடும் ஏற்றி வருகிற வண்டிகளை எடை போட்டுச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பாள். விடியற்காலை ஐந்து மணிக்கு அணைக்கட்டிலிருந்து கிளம்பி, வாய்க்கால் கரையோடு ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பாலம் வரை ஓடித் திரும்புவாள். ஆறு வருடமாக இதுதான் வழக்கம். திருச்செங்கோடு, ராசிபுரம் என்று எந்த ஊரில் பந்தயம் வைத்தாலும் பெண்களில் அவள்தான் முதல். இரண்டாவதாக வருகிறவள் வந்து சேர்வதற்குள் மஞ்சுளா, பந்தயம் நடத்துகிறவர்கள் கொடுத்த வாழைப்பழத்தைத் தின்று, தோலைப் போட்டுவிட்டு, கைகட்டி நின்றிருப்பாள்.

பெருமைதான். ஆனால் அந்தப் பெருமைக்குள்ளேயே அவளுக்கு ஓர் அரிப்பு இருந்தது. இத்தனை ஓட்டத்தில் தனக்கு முன்னால் ஓடுகிற ஒரு பெண்ணின் முதுகை அவள் பார்த்ததே இல்லை. தான் உண்மையிலேயே வேகமா, இல்லை இந்தப் பக்கத்தில் மற்றவர்கள்தான் மெதுவா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தன்னைவிட வேகமான ஒருத்தியின் பின்னால் ஒரு தடவையாவது ஓடிப் பார்த்துவிட வேண்டும். இதை அவள் கணவன் கலைமணியிடம் சொன்னாள். அவன் லாரி பாடி கட்டுகிற இடத்தில் வெல்டிங் வேலை செய்கிறவன்.

"தோக்கறதுக்குன்னே போறேங்கறயா?" என்றான்.

"தோத்தாப் போகுது. யாருகிட்டத் தோத்தேன்னு தெரியோணுமல்லோ?"

அதற்கு வழியும் இருந்தது. முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கான மாநிலப் பத்து கிலோமீட்டர் ஓட்டம் அந்த வருடம் சேலத்தில். இந்த வட்டாரத்திலிருந்து ஒரே ஒரு பெண் போகலாம். அந்த ஒருத்தியின் பெயரைச் சங்கம் எழுதி அனுப்ப வேண்டும்.

செயலாளர் முருகானந்தம் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். விண்ணப்பத்தை வாங்கி, நம்பர் பிளேட்டைப் பார்ப்பதுபோல் எட்ட வைத்துப் பார்த்தார்.

"முப்பது ட்ரிப்பு ரீடிங் வேணும் அம்மணி. சங்கம் அங்கீகாரம் பண்ணுன வாட்ச்ல. கிலோமீட்டரும் தெரியோணும், நெஞ்சுத் துடிப்பும் தெரியோணும்."

"ஏனுங்க சார், நான் ஜெயிச்ச கப்பெல்லாம் ஊட்ல அடுக்கி வெச்சிருக்கறனுங்க. அது பத்தாதுங்களா?"

"வண்டி நல்ல வண்டின்னு ஓனரு வாயால சொன்னா எப்.சி. குடுத்தர முடியுங்களா? ரீடிங்தான் பேசோணும்."

மஞ்சுளா கலைமணியைக் கூட்டிக்கொண்டு சேலத்துக்கு வாட்ச் வாங்கப் போனாள். கடையில் இருந்தவர் அவளை உட்கார வைத்து, கடலில் நீந்துவீர்களா, எத்தனை மீட்டர் ஆழத்துக்கு முங்குவீர்கள், பனிமலை ஏறுகிற உத்தேசம் உண்டா என்று கேட்டார். வாய்க்கால் கரையில் ஓடுவேன் என்றாள். அவருக்கு முகம் வாடிவிட்டது. ஒரு வாட்ச் பதினான்கு நாள் சார்ஜ் நிற்கும், ஆனால் மரத்தடியில் வழி தவறும். இன்னொன்று மரத்தடியிலும் வழி தவறாது, ஆனால் இரண்டு நாளில் படுத்துவிடும். மூன்றாவது, நாம் களைத்திருக்கிறோமா இல்லையா என்று நமக்கே சொல்லும்.

"நான் களச்சிருக்கறது எனக்குத் தெரியாதுங்களா?" என்று மஞ்சுளா கேட்டாள். கடைக்காரர் அந்தப் பெட்டியை மூடினார். கடைசியில் ஏலச்சீட்டு எடுத்த பணத்தில், மணிக்கட்டுக்கு அடியில் பச்சை வெளிச்சம் அடித்துத் துடிப்பை எண்ணுகிற ஒன்றை வாங்கி வந்தாள்.

முருகானந்தம் அதைத் திருப்பிப் பார்த்து மேஜைமேல் வைத்துவிட்டார்.

"நெஞ்சு எங்க இருக்குது, கை எங்க இருக்குது? எஞ்சின் சூட்டை ஸ்டெப்னில கை வெச்சுப் பாக்கற கணக்கால்ல இருக்குது. நெஞ்சுப் பட்டையும் சேத்து வாங்கோணும்."

நெஞ்சுப் பட்டையும் வாங்கினாள். அப்போதுதான் சங்கத்துக்கு ஒரு நெருக்கடி வந்தது. நெஞ்சுப் பட்டையை ஒரு பெண் எங்கே கட்டுவது? இதற்காகவே கூடிய அவசரக் கூட்டத்தில் பதினோரு ஆண்களும் மஞ்சுளாவின் முகத்தைப் பார்க்காமல், கூரையைப் பார்த்தபடி இரண்டு மணி நேரம் விவாதித்தார்கள். கண்ணியம் கருதி மகளிர் பட்டையைச் சட்டைக்கு வெளியேதான் கட்ட வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானமானது. ஈரத் தோலில் படாவிட்டால் பட்டைக்கு எதுவும் கேட்காது என்று மஞ்சுளா சொல்ல வாயெடுத்தாள். தீர்மானம் நிறைவேறிய பிறகு பேசக் கூடாது என்று ஒரு விதி இருந்தது.

வாட்சைப் பதிவும் செய்தார்கள். பின்பக்கம் 'கா.ஓ.ச. 17' என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பதிவுப் படிவத்தில் 'உரிமையாளர்' என்ற இடத்தில் சங்கம், 'டிரைவர்' என்ற இடத்தில் மஞ்சுளா. கையெழுத்துப் போடும்போது அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. "பார்மாலிட்டி அம்மணி," என்றார் முருகானந்தம்.

முதல் வாரத்து ரீடிங்கைச் சங்கத்தின் தொழில்நுட்ப ஆலோசகர் செந்தமிழன் சுவரில் படமாகப் போட்டுக் காட்டினார். அவர் லாரிகளுக்கு ஜி.பி.எஸ். பெட்டி மாட்டுகிறவர். திரையில் சிவப்புக் கோடு மூன்றாவது கிலோமீட்டரில் தரைக்கு இறங்கி, ஏழாவது கிலோமீட்டரில் மறுபடி எழுந்தது. சட்டைக்கு மேல் கட்டிய பட்டை அந்த நான்கு கிலோமீட்டரும் எதையும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"பாத்துக்குங்க தலைவரே. மூணாவதுல எஞ்சின் ஆஃப். ஏழாவதுல ஸ்டார்ட். நடுவுல வண்டி மட்டும் போகுது."

"நியூட்ரல்," என்றார் முருகானந்தம்.

தொப்பூர் இறக்கத்தில் எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வண்டியை உருட்டிவிட்டு, மிச்சமான டீசலை வழியில் விற்றுத் தின்ற டிரைவர்களால் தூக்கம் கெட்டவர்கள் அத்தனை பேரும். ஒவ்வொருவர் கண்ணிலும் பழைய டிரைவர் ஒருவன் வந்து போனான்.

"வாய்க்கால் கரை சமதளமுங்க," என்றாள் மஞ்சுளா. "நெஞ்ச ஆஃப் பண்ணிப்போட்டு நாலு கிலோமீட்டரு எப்படீங்க ஓடறது?"

"அதத்தான் நாங்களும் கேக்கறோம்," என்றார் முருகானந்தம்.

தலைவர் பாலசுந்தரம் எழுந்தார். நாற்பத்திரண்டு லாரிக்காரர். அவர் எழுந்தால் அது உரை என்று அர்த்தம்.

"நான் ஒரு வண்டில ஆரம்பிச்சவனுங்க. இன்னைக்கு நாப்பத்திரண்டு. எப்படி முடிஞ்சுது? முப்பது வருசத்துல ஒரு டிரைவரையும் நான் நம்புனதில்லீங்க. வண்டில எங்கூட உக்காந்து சோறு தின்னவனையும் நம்புனதில்லீங்க. ஓடறவன் ஏமாத்துவான், ஓட்டறவன் ஏமாத்துவான், பொட்டி ஏமாத்தாது. இந்தச் சங்கத்துக்கு நான் குடுக்கற சொத்து இந்தக் கொள்கைதானுங்க." கைதட்டினார்கள். மஞ்சுளாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து அனுப்பினார்கள்.

அவள் தீர்மானத்தை மீறிப் பட்டையைச் சட்டைக்குள் கட்டினாள். நெஞ்சு ஒழுங்காகப் பேச ஆரம்பித்தது. அடுத்த கூட்டத்தில் கிலோமீட்டர் தகராறு.

அணைக்கட்டிலிருந்து பாலத்துக்குப் போய் வர, தலைவர் கார் மீட்டரில் சரியாகப் பத்து கிலோமீட்டர். மஞ்சுளா வாட்ச்சில் ஒன்பது கிலோமீட்டர் எண்ணூற்று அறுபது மீட்டர். அதிலும் தென்னந்தோப்பு வருகிற இடத்தில் வாட்ச் தடுமாறியிருக்க வேண்டும். படத்தில் அவள் வாய்க்காலுக்குள் இறங்கித் தண்ணீர்மேல் கொஞ்ச தூரம் ஓடி, மறுபடி கரையேறியிருந்தாள்.

"தண்ணி மேல ஓடுனது இருக்கட்டும். அதுக்கு விதி இல்லை," என்றார் பாலசுந்தரம். "அந்த நூத்தி நாப்பது மீட்டரை எங்க சாமி எறக்குன?"

"எறக்கறதுக்கு அதென்ன லோடுங்களா? மரத்தடில வாட்ச் கொஞ்சம் கொறச்சுக் காட்டுமாமுங்க. கடைக்காரரே சொன்னாருங்க."

"எல்லா டிரைவரும் இதத்தான் சொல்லுவான். மரத்து மேல பழி போடுவான், மீட்டர் மேல பழி போடுவான்."

பதினோரு நாள் ஓடியிருந்தாள். நாளுக்கு நூற்று நாற்பது. ஆக ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது மீட்டர் பற்றாக்குறை. அதை அங்கேயே, பட்டறை முற்றத்தில், குழுவின் கண் முன்னால் ஓடித் தீர்க்க வேண்டும் என்று முடிவானது. டயர்க் குவியலைச் சுற்றிச் சுற்றி அவள் ஓடினாள். ரப்பர் புகை தொண்டையைக் கரித்தது. அழுகை வந்தது, அதையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு ஓடினாள். மாடியிலிருந்து நன்றாகவே பார்த்திருக்கலாம். ஆனால் பதினோரு பேரில் ஒருவரும் முற்றத்தைப் பார்க்கவில்லை. செந்தமிழன் கையிலிருந்த செல்போனில் ஒரு நீலப் புள்ளி சுற்றுவதைத் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

அடுத்து வந்தது வேகக் கட்டுப்பாடு. அவள் துடிப்பு நூற்று ஐம்பத்தெட்டு வரை போயிருப்பதை முருகானந்தம் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்.

"லாரிக்கே எண்பதுதான் அம்மணி. எண்பதைத் தாண்டாதபடி கருவி மாட்டி சீல் வெச்சுத்தான் ரோட்டுக்கே உடுவோம். நீங்க நூத்தி அம்பத்தெட்டுல போறீங்க."

"ஐயோ சார், அது கிலோமீட்டர் வேகமுங்க. இது நெஞ்சுங்க. எண்பதுல நான் சோறாக்கக்கூட முடியாதுங்க."

"எதுவா இருந்தா என்னங்க. எண்பது எண்பதுதான்."

அன்றைக்கு மஞ்சுளா வேண்டாம் என்று எழுந்தே விட்டாள். செந்தமிழன்தான் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். வாட்சை இருபத்து நான்கு மணி நேரமும் கழற்றாமல் கட்டிக்கொள்ளட்டும். தூங்கும்போது துடிப்பு ஐம்பத்து நான்கு. சீட்டுக் கிழிக்கும்போது எழுபது. எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி போட்டால் எண்பதுக்குக் கீழே வந்துவிடும். வந்தது, எழுபத்தொன்பது. ஆக, அவள் நன்றாகத் தூங்கினாள் என்பதற்காக அவள் ஓட்டத்தைச் சங்கம் ஏற்றுக்கொண்டது.

முப்பதாவது ட்ரிப் முடிந்தது. தேர்வு அறிவிக்கிற நாளில் ஒரு கல்யாண மண்டபத்தில் பேனர் கட்டி, மைக் வைத்திருந்தார்கள். மஞ்சுளா நல்ல சேலை கட்டிக்கொண்டு, கலைமணியையும் லீவு போட வைத்து அழைத்து வந்திருந்தாள்.

"இந்த வருசம் மாநிலப் போட்டிக்கு நம்ம சங்கம் அனுப்பறது," என்று பாலசுந்தரம் நிறுத்தி, மண்டபத்தை ஒரு முறை பார்த்து, "கா.ஓ.ச. பதினேழு!" என்றார்.

மஞ்சுளா மேடையேறினாள். முருகானந்தம் அவள் கையிலிருந்து வாட்சைக் கழற்றித் தாம்பாளத்தில் வைத்தார். தாம்பாளத்துக்கு மாலை போட்டார்கள். பிறகு அதைத் தலைவரின் மருமகள் ஸ்ரீதேவியிடம் நீட்டினார்கள்.

"ஏனுங்க," என்றாள் மஞ்சுளா. "ஓடுனது நானுங்க."

"யாரு இல்லீன்னாங்க?" என்றார் முருகானந்தம் கனிவாக. "ரீடிங் வாட்ச்சோடது. பெர்மிட் எப்பவும் வண்டிக்குத்தான் அம்மணி, டிரைவருக்கு இல்லை. டிரைவரை மாத்தறது ஓனரு விருப்பம். நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கறீங்க."

ஸ்ரீதேவி மஞ்சுளாவின் பக்கம் குனிந்து, மைக்கில் விழாதபடி பேசினாள். "அக்கா, எனக்கு ரெண்டு கிலோமீட்டருக்கு மேல மூச்சு வாங்குமுங்க. மாமாகிட்டச் சொன்னனுங்க. வாட்ச் பாத்துக்கும், நீ கட்டீட்டுப் போனாப் போதும்னுட்டாருங்க." அவள் கண்ணிலும் நீர் இருந்தது. அவளைத் திட்டவும் மஞ்சுளாவால் முடியவில்லை.

இருவரும் பஸ் ஏறினார்கள். பாதி வழி தாண்டிய பிறகு கலைமணி, "அந்தச் சங்கத்து ஆபீஸ் மாடிப்படிய வெல்டிங் உட்டது நாந்தான். கழட்டி உட்டர்றனா?" என்று கேட்டான். மஞ்சுளா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

பந்தயத்தன்று அவள் சேலத்துக்குப் போனாள். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனாள். பார்க்கப் போகிறவள் ஓடுகிற ஷூவை மாட்டிக்கொண்டிருந்தாள். பைபாஸில் ஆறாவது கிலோமீட்டர் பலகைக்கு அருகே, சர்வீஸ் ரோட்டில் நின்றாள்.

முதலாவதாக வந்தவள் நாற்பதைத் தாண்டியவள். பச்சை பனியன், முப்பத்தொன்றாம் நம்பர், ஒட்ட வெட்டிய நரைமுடி. அவள் கடந்து போனதும் அவள் முதுகு தெரிந்தது. வியர்வையில் ஒட்டிய பனியன். இடது தோள் கொஞ்சம் தூக்கினாற்போல் இருந்தது. மஞ்சுளாவின் கால் தானாகக் கிளம்பிவிட்டது.

நடுவில் அரளிச் செடி வரிசை. அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் சர்வீஸ் ரோட்டில் இவள், தோளில் கைப்பையோடு. முப்பது அடி பின்னால் ஆரம்பித்தாள். டீக்கடைக்காரர்கள் பார்த்தார்கள். பால்காரர் ஒருவர் வண்டியை ஓரம் கட்டினார். ஒரு கிலோமீட்டரில் இடைவெளி பதினைந்து அடியானது. முன்னால் ஓடியவளுக்குக் காலடிச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தாள். செடிக்கு மேலே இரண்டு பேர் கண்ணும் சந்தித்தன. அவள் சிரித்தாள், சிரித்துவிட்டு வேகத்தைக் கூட்டினாள். மஞ்சுளாவும் கூட்டினாள். பதினைந்து அடி இருபதாயிற்று, இருபது நாற்பதாயிற்று. ஆறு கிலோமீட்டர் ஓடிக் களைத்து வந்தவள் அவள், புதிதாகக் கிளம்பியவள் இவள், அப்படியும் பிடிக்க முடியவில்லை. மூன்று கிலோமீட்டர் ஓடிய பிறகு சாக்கடைக்காகத் தோண்டிய பள்ளம் குறுக்கே வந்தது. மஞ்சுளா முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோற்றுவிட்டாள். ஆறு வருடத்தில் இவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை.

அவள் ஓடும்போது பின்னாலிருந்து வந்த ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போனது. அது தலைவரின் கார். இரண்டாவது கிலோமீட்டரில் உட்கார்ந்துவிட்ட ஸ்ரீதேவியும் அவள் கையிலிருந்த வாட்சும் மீதி எட்டு கிலோமீட்டரை அதில்தான் கடந்தார்கள். பந்தயம் நடத்தியவர்கள் ஸ்ரீதேவியைத் தகுதி நீக்கம் செய்ததைச் சங்கம் பொருட்படுத்தவில்லை. ரீடிங் அப்படி வந்திருந்தது. தூரம் மிகச் சரியாகப் பத்து கிலோமீட்டர், ஒரு மீட்டர் குறையவில்லை. சராசரித் துடிப்பு எழுபத்தெட்டு. தூக்கத்தைச் சேர்க்காமலே எண்பதுக்குக் கீழே வந்த முதல் வாட்ச் என்று அதற்குப் பாராட்டு விழா நடந்தது.

மஞ்சுளாவுக்கு நோட்டீஸ் வந்தது. பெர்மிட் இல்லாமலும் வாட்ச் இல்லாமலும் போட்டி எல்லைக்குள் ஓடியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது? காரிலிருந்து செந்தமிழன் எடுத்த போட்டோவும் இணைக்கப்பட்டிருந்தது.

விசாரணையன்று பதினோரு பேரும் வந்திருந்தார்கள். முருகானந்தம் தீர்ப்பைத் தயாராக எழுதி வைத்திருந்தார். வாட்ச் இல்லை, ஆகவே ரீடிங் இல்லை. ரீடிங் இல்லாததால் ஓட்டம் இல்லை. ஓட்டமே இல்லாதபோது குற்றமும் இல்லை. போட்டோவில் அவள் அசையாமல்தான் இருக்கிறாள்.

"தப்பிச்சீங்க அம்மணி. நீங்க அன்னைக்கு ஓடவே இல்லைன்னு எழுதியிருக்கறேன். கீழ ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

மஞ்சுளா பேனாவை வாங்கவில்லை.

"ஓடுனனுங்க," என்றாள். "மூணு கிலோமீட்டரு. முப்பதடி பின்னால இருந்து பதினஞ்சடிக்கு வந்தேன். அப்பறம் தோத்துட்டனுங்க. பச்சை பனியன், முப்பத்தொண்ணாம் நெம்பரு. அவங்ககிட்டத்தான் தோத்தேன்."

"ரீடிங் இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"அப்பறம் எப்படி?"

"அபராதம் போடுங்க சார். எவ்வளவுன்னாலும் கட்டீர்றனுங்க. ரசீதுல மட்டும், 'மஞ்சுளா ஓடியதற்காக'ன்னு எழுதிக் குடுங்க. ஊரார் வண்டிக்கெல்லாம் நாள் பூரா சீட்டுக் கிழிக்கறனுங்க. எனக்குன்னு ஒரு சீட்டு குடுங்க."

குழு அரை மணி நேரம் ஆலோசித்தது. ரீடிங் இல்லாத ஓட்டத்துக்கு அபராதம் விதிக்க விதிகளில் இடமில்லை என்று பாலசுந்தரம் வருத்தத்தோடு அறிவித்தார்.

மஞ்சுளா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். டயர்க் குவியலைத் தாண்டியதும் நடையை விட்டுவிட்டு ஓட ஆரம்பித்தாள். ஜேடர்பாளையம் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. செல்போனில் நீலப் புள்ளி எதுவும் இல்லாததால், வேறு வழியின்றிப் பதினோரு பேரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். ஓடுகிற ஒருத்தியின் முதுகை அந்தச் சங்கம் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவள் மூலை திரும்பி மறைந்ததும் முருகானந்தம் பதிவேட்டைத் திறந்து, 'மஞ்சுளா' என்பதற்கு நேரே ரீடிங் கட்டத்தில் ஒரு கோடு கிழித்து மூடி வைத்தார்.